செவ்வரத்தையடியில் ஊற்றிய தண்ணீர்

கொழும்பு கொட்டாஞ்சேனையில், துறைமுகப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றுக்குள் இருக்கிற அந்தச் சின்ன மாதா கோயிலுக்குப் பூசை காண வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நேசமலரைக் கண்டால் பயம், மீதிப் பேருக்கு வெறுப்பு. வாய்க்குப் பேர்போன பெண்கள் அந்தப் பகுதியில் குறைவில்லை. ஆனால் நற்கருணை வாங்கிக்கொண்டு திரும்புகிற ஒரு மனிதரை வழிமறித்து, "என்னத்தை மிதிச்சுக்கொண்டு வந்தனீர்? வெளியிலை போய்ச் சப்பாத்தைத் தேய்ச்சுப்போட்டு வாரும்" என்று சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். கலியாண வீட்டுக்காரர் வாசலில் காகிதப் பூ தூவினால் தும்புத்தடியை மாப்பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுவாள் என்று சொல்வார்கள். ஒருமுறை கொடுத்தும் இருக்கிறாள். மாப்பிள்ளையும் பேசாமல் கூட்டிவிட்டுத்தான் காரில் ஏறினார்.

வயது அறுபத்தொன்று. பகலில் தையற்கடை ஒன்றில் சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பாள். யாழ்ப்பாணத்தில் இருந்து புருஷனோடு கொழும்புக்கு வந்தவள். புருஷன் இத்தாலிக்குப் போனான். போனவன் அங்கே இன்னொரு குடும்பத்துக்கு அப்பனானான். அந்தச் செய்தி கிடைத்த நாளில் மாதாவோடு சண்டை பிடிக்கத்தான் அவள் இந்தக் கோயிலுக்குள் நுழைந்தாள். பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டவளின் கண்ணில் பட்டது கிராதியில் காய்ந்து கிடந்த புறா எச்சம். சண்டையை ஒரு பக்கம் வைத்துவிட்டு சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். அடுத்த நாள் வாளியும் தும்புத்தடியுமாக வந்தாள். அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது, சண்டை இன்னும் பாக்கி.

விடியற்காலைப் பூசைக்கு முன்னால் வந்து கதவைத் திறப்பாள். சனம் இருக்கிற வாங்குகளைத் துடைப்பாள், தரையில் சிந்திய மெழுகை மொட்டைக் கத்தியால் சுரண்டுவாள், கழிவறையைக் கழுவுவாள். ஒருவரும் கேட்டு அவள் செய்யவில்லை. செய்ததற்கு ஒன்றும் வாங்கியதும் இல்லை. பக்கக் கதவுப் பூட்டின் திறப்பை, மாதா படம் தைத்த உத்தரியத்தோடு சேர்த்து ஒரே கயிற்றில் கழுத்தில் போட்டிருந்தாள். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள். ஒன்றும் வாங்காமல் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு திமிர் வரும். சம்பளம் வாங்குகிறவனுக்குக்கூட அந்தத் திமிர் வராது. நேசமலருக்கு அது தலைவரைக்கும் வந்திருந்தது, ஆனால் அதற்குத் தாழ்மை என்று அவள் பேர் வைத்திருந்தாள்.

அந்த வேலைகளுக்குள் ஒன்று மட்டும் மற்றதுகளைப் போன்றது அல்ல. பூசையில் கிண்ணத்தைத் துடைக்கிற துணியும், அப்பத்தட்டுக்குக் கீழே விரிக்கிற துணியும் அவள் கையால்தான் துவைக்கப்படும். பூசையில் அப்பம் ஆண்டவருடைய உடலாகவும் இரசம் அவருடைய இரத்தமாகவும் மாறுவதால், அந்தத் துணிகளில் உடலின் துணுக்கு ஒட்டியிருக்கலாம், இரத்தத்தின் ஒரு சொட்டு ஊறியிருக்கலாம். அதனால் அவற்றை முதலில் வெறும் தண்ணீரில் ஊறப்போட்டு அலசி, அந்த முதல் தண்ணீரை மண்ணில் ஊற்ற வேண்டும். கழிவுநீர் ஓடுகிற கானுக்குள் ஊற்றக் கூடாது. அதற்குப் பிறகுதான் சவுக்காரம். முன்பிருந்த ஒரு கன்னியாஸ்திரி காட்டிக் கொடுத்த முறை இது. கோயில் முற்றம் முழுவதற்கும் கல் பதித்தபோது மதிலோரம் நின்ற செவ்வரத்தை மரத்தடியையும் மூடப் பார்த்தார்கள். நேசமலர் அந்த இரண்டு முழ மண்ணில் ஏறி நின்றுகொண்டு, "முதல் என்னை மூடிப்போட்டுக் கல்லைப் பதியுங்கோ" என்றாள். வேலைக்காரர்கள் மத்தியானம்வரை பார்த்துவிட்டு அந்த மண்ணை விட்டுவிட்டார்கள்.

கல் பதிக்கும் ஏற்பாட்டைச் செய்தவர் பங்குச் சபையின் புதிய செயலாளர் கிஷாந்த். வங்கி ஒன்றில் பெரிய உத்தியோகம், வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனைக்கு மாறி வந்தவர், எதையும் ஒழுங்குபடுத்தாமல் அவருக்கு நித்திரை வராது. செவ்வரத்தையடியில் தோற்றதை அவர் மறக்கவில்லை. தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேசமலரிடம் வந்தார்.

"அன்ரி, உங்களுக்கும் வயசு போகுது. இனிமேல் துப்புரவுக் கொம்பனியிலை இருந்து ஆள் வரும். நீங்கள் றெஸ்ட் எடுங்கோ."

"எனக்கு றெஸ்ட் வேணுமெண்டு உம்மட்டை ஆர் சொன்னது?"

"ஃபாதரோடையும் கதைச்சாச்சு. திறப்பைத் தாங்கோ, அன்ரி."

பங்குத்தந்தை ஃபாதர் றெஜி கொஞ்சத் தூரத்தில் நின்று யாரோ ஒரு குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் சண்டை வரும் இடத்துக்குப் பிந்தி வருவதில் கெட்டிக்காரர். நேசமலர் கயிற்றைக் கழுத்தால் எடுத்து, உத்தரியத்தை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, திறப்பை நிலத்தில் போட்டாள். கிஷாந்த் குனிந்து எடுத்தார். அவர் குனிந்ததைப் பார்த்ததுதான் அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம்.

கொம்பனி அனுப்பிய பெண்ணின் பெயர் பஹ்மியா. தெமட்டகொடைக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். நீலச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, பின்பக்கம் இழுத்துக் கட்டிய தலைத்துணி. முதல் நாளே நேசமலர் வாசலில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீர் முஸ்லிமோ?"

"ஓ. கோயிலைக் கழுவுறதுக்கு மதம் கேக்கிறல்ல எண்டு சுப்பவைசர் சென்ன."

"இது மாதா கோயில். உம்மட ஒஃபிசு இல்லை."

"அதுதான் சப்பாத்தைக் கழட்டிட்டு நிக்கிறன்" என்று சொல்லிவிட்டு பஹ்மியா வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கும் நாக்கு இருந்தது, வேலை நேரத்தில் அதை வெளியே எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நேசமலருக்கு வேலை ஒன்றே ஒன்று. பூசை முடிந்தபிறகு முற்றத்தில் மாதா சுரூபம் நிற்கிற கெபிக்கு முன்னால் இருந்த வாங்கில் குந்தி, கையில் செபமாலையை வைத்துக்கொண்டு, கண்ணை பஹ்மியாவின் மேலேயே வைத்திருப்பாள். தையற்கடைக்கு அரை மணித்தியாலம் பிந்திப் போனாலும் பரவாயில்லை. மூலைகளில் தூசு விட்டாளா, பீடத்துக்கு முதுகு காட்டினாளா, மெழுகுதிரித் தண்டைப் பிழையான இடத்தில் வைத்தாளா என்று பார்த்தாள். பஹ்மியா மூலைகளில் தூசு விடவில்லை. நேசமலரின் மொட்டைக் கத்தி எட்டாத வாங்குக் கால் இடுக்குகளில் இருந்தும் மெழுகை எடுத்தாள். வயிறு எரிந்தது நேசமலருக்கு. இருபத்தாறு வருஷமாக ஆண்டவருக்காகச் செய்தேன் என்று நினைத்ததை, சம்பளத்துக்காக வந்தவள் இன்னும் சுத்தமாகச் செய்தால் வேறு என்ன எரியும்?

ஈஸ்டருக்கு முந்திய தவசு காலம் தொடங்கிய முதல் கிழமை அவளுக்கு வழி கிடைத்தது. பூசை உடுப்பு மாற்றும் அறையின் கதவில் கிஷாந்த் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தார். மேலே கொம்பனிப் பெண்ணின் பெயர், விலாசம், தொலைபேசி. கீழே வேலைகள்: தரை, வாங்கு, ஜன்னல், கழிவறை. கடைசி வரியில் 'பீடத் துணிகள் துவைத்தல்.' எல்லாத் துணியும் துணிதான் என்று நினைத்துக் கொம்பனிக்காரியின் கணக்கில் அதையும் சேர்த்துவிட்டார், பாவம், படித்த மனிதர். நேசமலர் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். ஃபாதரிடம் ஒரு சொல் சொன்னால் முடிந்திருக்கும். சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை பஹ்மியா வெள்ளைப் பேசினுக்குள் அந்தச் சின்னத் துணிகளை அள்ளிக்கொண்டு வந்து, கெபியடியில் நின்று கேட்டாள்.

"ஆன்டி, இதுகளை எப்பிடிக் கழுவுற? சும்மா சவுக்காரம் போட்டாச் சரியா?"

அந்தக் கேள்வியை நேசமலர் பிறகு எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்தாள். அப்போது அவளுக்கு வந்ததெல்லாம் ஒரு கள்ளச் சந்தோஷம்.

"என்னட்டை ஏன் கேக்கிறீர்? உமக்குக் கொம்பனியிலை படிப்பிச்சுத்தானே அனுப்பியிருப்பினம்."

பஹ்மியா மதிலோரக் குழாயடிக்குப் போனாள். குழாய்க்கு நேர் கீழே கான். துணிகளைத் தண்ணீரில் ஊறவிட்டு, ஒவ்வொன்றாக அலசி, பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு பேசினைக் கையில் எடுத்தாள். செபமாலை மணி நேசமலரின் விரலுக்குள் நின்றுவிட்டது. ஊற்று, ஊற்று என்று மனதுக்குள் சொன்னாள். மாதாவுக்கு முன்னால் இருந்துகொண்டு அதைத்தான் கேட்டாள்.

பஹ்மியா தண்ணீருக்குள் குனிந்து பார்த்தாள். விரலால் எதையோ தொட்டாள். காலடியில் இருந்த கானைப் பார்த்தாள். பேசினை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, முற்றத்துக் கல்லெல்லாம் தாண்டி நடந்துபோய், செவ்வரத்தையடி மண்ணில் மெதுவாகச் சரித்து ஊற்றினாள்.

ஒருவரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்ல வேண்டியவள் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். நேசமலருக்கு அப்போது ஆறுதல் வந்திருக்க வேண்டும். ஆண்டவருக்கு ஒரு குறையும் வரவில்லையே என்று நெஞ்சில் கை வைத்திருக்க வேண்டும். வந்தது கோபம், உச்சந்தலைக்கு ஏறுகிற கோபம். தன்னிடம் மிச்சமிருந்த ஒரே ஒரு வேலையையும் இவள் கேட்காமலே சரியாகச் செய்து முடித்துவிட்டாள் என்ற கோபம்.

அவள் நேரே ஃபாதரின் அறைக்குப் போனாள்.

"ஃபாதர், பீடத் துணி கழுவின முதல் தண்ணியை அந்தப் பெட்டை கானுக்குள்ளை ஊத்திப்போட்டாள். என்ரை ரெண்டு கண்ணாலையும் கண்டனான்."

கோயில்களுக்குள் குண்டு வெடித்த அந்த ஈஸ்டர் ஞாயிற்றுக்குப் பிறகு கொட்டாஞ்சேனையில், ஒரு முஸ்லிம் பெண்ணைப் பற்றிக் கோயிலுக்குள் ஒரு வார்த்தை சொன்னால் அதற்குச் சாட்சி தேடமாட்டார்கள் என்பது நேசமலருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். அதை இங்கே மறைப்பதில் அர்த்தமில்லை.

பதினொரு மணிக்குள் கிஷாந்த் வங்கியில் இருந்து ஓடி வந்தார். கொம்பனியின் சுப்பவைசரும் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். பஹ்மியாவை முற்றத்தில் நிறுத்தினார்கள்.

"நான் மரத்துக்குத்தான் ஊத்தின" என்றாள் அவள். "மண்ணைப் போய்ப் பாருங்க, ஈரம் ஈக்கிது."

முற்றத்துக் கல்லைச் சுடுகிற வெயில், மண் எப்போதோ காய்ந்து போயிருந்தது. ஃபாதர் நேசமலரைப் பார்த்தார். "வடிவாக் கண்டனீங்களோ?" என்று கேட்டார். ஓம் என்றாள். கிஷாந்த் கேட்டார், ஓம் என்றாள். சுப்பவைசர் அரைகுறைத் தமிழில் கேட்டார், அவருக்கும் ஓம் என்றாள். பஹ்மியா ஒருவரும் கேட்காமலே திறப்பைப் பையில் இருந்து எடுத்து வாங்கில் வைத்தாள். வைத்துவிட்டு நேசமலரை ஒரு பார்வை பார்த்தாள். கெஞ்சலோ அழுகையோ அதில் இல்லை. உன்னை எனக்குத் தெரியும் என்ற பார்வை. "யமு, யமு" என்று சுப்பவைசர் சிங்களத்தில் அவளை அவசரப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனார்.

திறப்பு திரும்ப நேசமலரின் கழுத்துக்கு வந்தது. கிஷாந்தே கொண்டுவந்து கையில் கொடுத்தார். "அன்ரி, உங்கடை அருமை எங்களுக்குத் தெரியேல்லை" என்றார். கொம்பனியை நிறுத்திவிட்டார்கள். பட்டியல் மட்டும் கதவில் ஒட்டியபடி கிடந்தது, அதைக் கிழிக்க அவளுக்குக் கை வரவில்லை.

வென்றுவிட்டாள். வென்றவளுக்கு வேலை இனிக்கவில்லை. வாங்குக் கால்களைத் துடைக்கும்போது மெழுகில்லாத இடுக்குகள் தெரிந்தன. திங்கட்கிழமைகளில் பேசினைத் தூக்கிக்கொண்டு செவ்வரத்தையடிக்குப் போனால் ஊற்ற மறந்து நின்றாள். வயசு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாய் வேறு மோசமாகிவிட்டது. நொண்டிக்கொண்டு வந்த ஒரு கிழவரை, பொல்லுத் தட்டித் தரை கீறுது என்று ஏசினாள். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றாள், முறை வரும்போது விலகிப் போனாள்.

குருத்தோலை ஞாயிறன்று ஃபாதர் றெஜி பிரசங்கத்தில் அவளைப் பெயர் சொல்லிச் சொன்னார். "இந்தக் கோயிலிலே தாழ்மையான ஊழியம் எண்டால் என்ன எண்டு நீங்கள் புத்தகத்திலே தேட வேண்டாம். நேசமலர் அம்மாவைப் பாருங்கள். ஆண்டவருடைய ஒரு துளி வீணாகப் போகக்கூடாது எண்டு காவல் இருந்தவ." சனம் கைதட்டியது. அவளைக் கண்டால் பயந்தவர்களும் தட்டினார்கள், வெறுத்தவர்களும் தட்டினார்கள். பெரிய வியாழனுக்கு, பாதம் கழுவப்படுகிற பன்னிரண்டு பேரில் அவளும் ஒருத்தி என்று அறிவித்தார்கள்.

அந்தப் பன்னிரண்டு கதிரைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆண்டவர் தன் சீஷர்களின் அழுக்குக் காலைக் கழுவியதை நினைத்துச் செய்கிற சடங்கு அது. ஆனால் அந்தக் கோயிலில் அழுக்குக் காலோடு ஒருவரும் அந்தக் கதிரையில் இருந்ததில்லை. டொக்டர், ஹோட்டல் முதலாளி, கிஷாந்த் போன்றவர்கள்தான் இருப்பார்கள். எல்லாரும் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, பவுடர் போட்டுக்கொண்டு வருவார்கள். ஃபாதர் சுத்தமான காலில் சுத்தமான தண்ணீரை ஊற்றி வெள்ளைத் துவாயால் ஒற்றுவார். பிறகு பேசினில் இருக்கிற பவுடர் மணத் தண்ணீரை வெளியே கொண்டுபோய் ஊற்றி, பீடத்து முன்னாலுள்ள ஈரத்தைத் துடைப்பது இத்தனை வருஷமும் நேசமலரின் வேலை.

வியாழன் பின்னேரம் அவளும் கால் கழுவினாள். தன் அறைக்கு வெளியே குழாயடியில் இருந்து, குதிக்கால் வெடிப்புகளுக்குள் இருந்த கறுப்பைப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்தாள். இருபத்தாறு வருஷ கோயில் தரைத் தண்ணீர் போட்ட வெடிப்பு, போகவில்லை. எவ்வளவு தேய்த்தும் போகாததைப் பார்த்துக்கொண்டு இருந்தபோதுதான் பஹ்மியா கல்லைத் தாண்டி நடந்துபோனது கண்ணுக்குள் வந்தது. வாளித் தண்ணீரைக் காலில் கவிழ்த்துவிட்டு எழும்பினாள்.

பூசையில் வாசகம் முடிந்து, பன்னிரண்டு பேரும் பீடத்துக்கு முன்னால் வரிசையாக இருந்தார்கள். நேசமலருக்குக் கடைசிக் கதிரை. ஃபாதர் மேலங்கியைக் கழற்றி, துவாயை இடுப்பில் கட்டிக்கொண்டு முழந்தாளில் இறங்கினார். பாடகர் குழு பாடியது. கிஷாந்தின் ஏற்பாட்டில் ஒரு கமரா வெளிநாட்டில் இருக்கிற பங்கு மக்களுக்கு எல்லாவற்றையும் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஃபாதர் ஒவ்வொரு காலாகக் கழுவி, துடைத்து, முத்தமிட்டு நகர்ந்தார். பதினோராவது கிஷாந்தின் கால், வெள்ளையாக, நகம் மினுங்க. பிறகு அவளுக்கு முன்னால் வந்தார்.

"வலது காலை நீட்டுங்கோ, அம்மா."

அவள் இரண்டு காலையும் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம், ஃபாதர்."

"கூச்சப்படாதேங்கோ. தாங்கோ." ஆண்டவர் காலைக் கழுவ வந்தபோது பேதுருவும் இப்படித்தான் சொன்னார் என்று நினைத்தோ என்னவோ, அவர் கொஞ்சம் சிரித்தார்.

அவர் சட்டைக் கழுத்தடியில் சின்ன மைக் இருந்தது. நேசமலருக்கு அது தெரியும், அதற்கு பற்றரி மாற்றுகிறவளும் அவள்தான். அவள் குனிந்து, அந்த மைக்குக்கு நேரே வாயை வைத்துச் சொன்னாள்.

"அந்தப் பிள்ளை தண்ணியைக் கானுக்குள்ளை ஊத்தேல்லை. செவ்வரத்தையடியிலைதான் ஊத்தினவ. நான் கண்டனான். கண்டுபோட்டுத்தான் பொய் சொன்னனான்."

கோயில் முழுக்கக் கேட்டது. பாடகர் குழு ஒரு வரியின் நடுவில் நின்றுவிட்டது. ஃபாதர் கையால் மைக்கைப் பொத்தினார்.

"இதைப் பிறகு கதைப்பம். இப்ப காலைத் தாங்கோ. சனம் பாக்குது."

"பாக்கட்டும், ஃபாதர். மூண்டு பேர் கேக்க மூண்டு தரமும் ஓம் எண்டு சொன்னனான். இந்தக் காலை நீங்கள் கழுவப்படாது."

பக்கத்துக் கதிரையில் இருந்து கிஷாந்த் பல்லைக் கடித்துக்கொண்டு, "அன்ரி, இருங்கோ" என்றார். பின்வாங்கில் ஒரு பெண் குரல், "ஒரு முஸ்லிம் பெட்டைக்காகவோ பெரிய வியாழனிலை இந்தக் கூத்து?" என்று எல்லாருக்கும் கேட்கவே சொன்னது. பொய் சொன்னபோது கைதட்டிய சனம் உண்மை சொன்னபோது முகம் சுளித்தது. நேசமலர் கயிற்றைக் கழுத்தால் கழற்றினாள். இந்தமுறை திறப்பை நிலத்தில் போடவில்லை, கதிரையில் வைத்தாள். வெறுங்காலோடு பக்கக் கதவால் இறங்கி வீட்டுக்குப் போனாள். பீடத்து முன்னாலிருந்த ஈரத்தை அன்றைக்கு யார் துடைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

பெரிய வெள்ளியன்று சனமெல்லாம் சிலுவைப்பாதைக்குப் போக, அவள் தெமட்டகொடைக்கு பஸ் ஏறினாள். பட்டியலில் இருந்த விலாசம் மனதில் பதிந்திருந்தது, எத்தனை நாள் அதைப் பார்த்திருக்கிறாள். றெயில்வே யாட்டுக்குப் பின்னால் நெருக்கமான வீடுகளின் வரிசை. துருப்பிடித்த சின்ன இரும்புக் கேற், அதற்குள் இரண்டு படி, ஒரு கதவு. தட்டினாள். பஹ்மியா திறந்தாள். ஆளைக் கண்டதும் கதவைப் பாதி சாத்தி, மிச்சப் பாதியில் தான் நின்றுகொண்டாள்.

"என்ன?"

"நேற்றுக் கோயிலிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், நீர் கானுக்குள்ளை ஊத்தேல்லை எண்டு. உம்மட்டை மன்னிப்புக் கேக்க வந்தனான்."

"உங்கட கோயில்ல சென்னா எனக்கு என்ன? நானா உங்கட கோயிலுக்கு வாரன்?" பஹ்மியாவின் குரல் உயரவில்லை. "ஒருகொடவத்தையில ஒரு கொன்டேனர் யாட்ல கக்கூஸ் கழுவுறன் இப்ப. வேற இடம் ஒண்டும் தாரல்ல. கொம்பனி ஃபைல்ல என்ட பேருக்கு நேரே எழுதி வெச்சீக்கிறான், மத இடத்தை அசிங்கப்படுத்தின ஆள் எண்டு. நம்மட ஆக்களுக்கு அப்பிடி ஒரு எழுத்து ஈந்தா என்ன ஆகும் எண்டு உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே சென்னீங்க."

 

"ஓம்" என்றாள் நேசமலர். "தெரிஞ்சுதான்."

பஹ்மியா உள்ளே போனாள். கதவு திறந்தே இருந்தது, ஆனால் வாருங்கள் என்று சொல்லவில்லை. ஒரு கொப்பித் தாளும் பேனையும் கொண்டு வந்து நீட்டினாள்.

"எழுதுங்க. நாளைக்குக் கொம்பனியில குடுக்கிறன்."

எழுத மேசை இல்லை. நேசமலர் படியில் குந்தி, தொடையில் தாளை வைத்து எழுதினாள். பொத்தான் தைத்துத் தைத்துக் கண் மங்கியிருந்தது, எழுத்துகள் கோணலாக இறங்கின. முடித்துக் கொடுத்தாள். பஹ்மியா நின்றபடியே வாசித்தாள்.

"'தவறுதலாக' எண்டு எழுதீக்கிறீங்க. தவறுதலாவா சென்னீங்க?"

"இல்லை."

"அப்ப வெட்டுங்க. பொய் எண்டு எழுதுங்க."

நேசமலர் வெட்டினாள். பொய் என்று எழுதினாள். முழுப் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்தாள். பஹ்மியா தாளை வாங்கி இரண்டாக மடித்தாள். கதவைச் சாத்தப் போனவளிடம் நேசமலர் கேட்டாள்:

"ஒண்டு மட்டும் சொல்லும். நான் உமக்குச் சொல்லித் தரேல்லை. ஏன் மண்ணிலை கொண்டுபோய் ஊத்தினீர்?"

பஹ்மியா கதவில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்ற பார்வை.

"தண்ணியில அப்பத் தூள் மிதந்திச்சு. தின்ற சாமானைக் கானுக்குள்ள ஊத்துறதா? அல்லாஹ் தந்த சாப்பாடு அது, ரிஸ்க். எங்கட ஊட்டுல ஒரு சோத்துப் பருக்கையும் கானுக்குள்ள போறல்ல."

அவ்வளவுதான் சங்கதி. கன்னியாஸ்திரி இல்லை, சட்டம் இல்லை, பட்டியலும் இல்லை. யாரும் பார்க்கிறார்கள் என்று நினைக்காமல், யாருக்காகவும் காவல் இருக்காமல், வாளிக்கும் தும்புத்தடிக்கும் நடுவில் அவள் அதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறாள். நேசமலர் இருபத்தாறு வருஷம் செய்ததும் அதே வேலைதான். ஆனால் ஒரு நாளும் தன்னை மறந்து செய்ததில்லை. அது அவளுக்கு அந்தப் படியில் வைத்து விளங்கியது. அழுகை வரவில்லை. வெட்கம் வந்தது, அது அழுகையைவிடக் கனமாக இருந்தது.

"என்னை மன்னிப்பீரோ, பிள்ளை?"

"அது எனக்கிட்டக் கேக்க வேணாம். கடிதம் வேல செய்யுதா எண்டு பாப்பம்." கதவு சாத்துப்பட்டது. உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது. "போகக்குள்ள கேற்றைச் சாத்திட்டுப் போங்க. நாய் வரும்."

நேசமலர் இரண்டு படியும் இறங்கினாள். கேற்றின் கீழ்ப்பக்கம் நிலத்தில் உரசியது. அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, சத்தம் வராமல் சாத்தி, கொளுக்கியைப் போட்டு, சரியாக விழுந்ததா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். உள்ளே இருந்து ஒருவரும் பார்க்கவில்லை.